க்ராட்லி ஹீதன்ஸ்: ஏழு உலகப் பட்டங்களுக்குப் பிறகு ஒரு ஸ்பீட்வே அணி எப்படி மறைந்தது?

கேட்கப்பட்ட கேள்வி இது: இங்கிலாந்தின் க்ராட்லி ஹீதன்ஸ் அணியில் ஓட்டிக்கொண்டிருந்தபோதே நான்கு பேர் மோட்டார் சைக்கிள் ஸ்பீட்வேயில் உலக சாம்பியன் ஆனார்கள். நால்வரும் சேர்ந்து வென்றது ஏழு பட்டங்கள். அப்படிப்பட்ட அணி 1990களின் நடுவில் திடீரென இல்லாமல் போனது ஏன்? மோசமாக ஓட்டினார்களா, பணம் தீர்ந்துவிட்டதா?

சுருக்கமான பதில்: மோசமாக ஓட்டவில்லை. கடைசி வருடத்தில்கூட அவர்களிடம் ஒரு உலக சாம்பியன் இருந்தார். போனது நிலம்தான். ட்ராக் இருந்த மைதானம் வீடு கட்ட விற்கப்பட்டது, அதன் பிறகு அணியால் எங்கும் வேரூன்ற முடியவில்லை. இதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஸ்பீட்வே அணி எப்படி இயங்குகிறது, காசு எங்கிருந்து வந்து எங்கே போகிறது, ஒரு ட்ராக்கை ஏன் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியாது என்பதெல்லாம் தெரிய வேண்டும். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் விளையாட்டு. முன்பு சோழவரத்தில் நடந்த, இப்போது இருங்காட்டுக்கோட்டையில் நடக்கும் தார்ச்சாலைப் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முட்டை வடிவ மண் ட்ராக். ஹீட் எனப்படும் ஒவ்வொரு ஓட்டத்திலும் நான்கு பேர், இரண்டு அணியிலிருந்தும் இருவர். நான்கு சுற்று, இடப்பக்கமாக மட்டுமே திரும்புவார்கள். சுமார் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் இடத்துக்கு 3 புள்ளி, இரண்டாவதுக்கு 2, மூன்றாவதுக்கு 1, கடைசிக்கு ஒன்றுமில்லை. ஆக ஒரு ஹீட்டுக்கு 6 புள்ளி. 13 ஹீட் போட்டி என்றால் மொத்தம் 78, 15 ஹீட் என்றால் 90. பிரிட்டிஷ் லீக் 1980களின் தொடக்கத்தில் 13 ஹீட்டில் ஓடியது, பிறகு 15 ஆனது.

பைக் 500 சிசி, ஒற்றை சிலிண்டர், எரிபொருள் மெத்தனால். ஒரே கியர், பிரேக் கிடையாது. முன்சக்கரம் 23 அங்குலம், பின்சக்கரம் 19. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு மாட்டிய இடது காலை மண்ணில் உரசிக்கொண்டே போவார்கள். வேகம் குறைவது அந்த வழுக்கலில்தான். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருக்கும். ரைடர் விழுந்தால் அது இக்னிஷனைப் பிடுங்கி எஞ்சினை நிறுத்திவிடும். மெத்தனால் எரியும்போது பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாது. அதனால் பைக்குகளைத் தயார்செய்யும் பிட்ஸில், எரிபொருள் ஊற்றும் இடத்தில் கட்டுப்பாடு கடுமையாக இருக்கும்.

இனி ஊர். க்ராட்லி ஹீத், பர்மிங்ஹாமுக்கு மேற்கே ப்ளாக் கன்ட்ரி என்று அழைக்கப்படும் நிலக்கரி, இரும்புப் பகுதியில் இருக்கிறது. சங்கிலி அடிப்பதுதான் அன்று ஊரின் தொழில். 1910இல் இங்கே சங்கிலி அடிக்கும் பெண்கள் மேரி மகார்த்தர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்து குறைந்தபட்சக் கூலியை வென்றார்கள். பக்கத்து நெதர்டனில் இருந்த ஹிங்லி பட்டறையில்தான் டைட்டானிக் கப்பலின் நங்கூரம் தயாரானது. வாரம் முழுக்க உலைக்களத்தில் உழைத்துவிட்டு சனிக்கிழமை மாலை எங்காவது கத்திக் கொண்டாட வேண்டும் என்று நினைக்கும் ஊர். அணியின் சொந்த ட்ராக் இருந்த டட்லி வுட் மைதானத்தில் ஸ்பீட்வே நடந்ததும் சனிக்கிழமை இரவுகளில்தான்.

அணி 1947இல் தேசிய லீகின் மூன்றாம் பிரிவில் தொடங்கியது. போருக்குப் பின் இங்கிலாந்து முழுக்க ஸ்பீட்வேக்குக் கூட்டம் அலைமோதிய காலம் அது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் கூட்டம் வடிந்தது. கேளிக்கை வரியும் தொலைக்காட்சியும் சேர்ந்து பல ட்ராக்குகளை மூடின. டட்லி வுட்டும் 1952 பருவத்தோடு மூடியது. 1960இல் ப்ராவின்ஷியல் லீக் என்ற புதிய ஏற்பாடு வந்தபோது மறுபடி திறந்தார்கள். அந்தக் காலத்து நட்சத்திரம் ஐவர் ப்ரவுன். 1965இல் எல்லா லீகும் ஒன்றாகி பிரிட்டிஷ் லீக் ஆனது. க்ராட்லி அதன் நிறுவன அணிகளில் ஒன்று. ஆனால் அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் பெரும்பாலும் பட்டியலின் கீழ்ப்பாதியில்தான் கிடந்தது. 1973 முதல் 1976 வரை க்ராட்லி யுனைடெட் என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள், அதிலும் அதிர்ஷ்டம் திரும்பவில்லை.

இந்தக் காலகட்டத்தில் ஒருவரைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். காலின் ப்ராட் 1970இல் க்ராட்லி ரைடர். அந்த ஜூலையில் வெஸ்ட் ஹாம் அணியோடு விருந்தினராக ஐரோப்பா போனார். திரும்பும் வழியில் பெல்ஜியத்தின் லோகரன் அருகே வேன் விபத்துக்குள்ளாகி, உடன் வந்தவர்களில் பலர் இறந்தார்கள். ப்ராட் கழுத்து முறிந்து உயிர் பிழைத்தார், ஆனால் ஓட்டும் வாழ்க்கை அதோடு முடிந்தது. பின்னாளில் அதே க்ராட்லிக்கு மேலாளராகவும் நடத்துநராகவும் (பணம் போட்டு அணியையும் போட்டிகளையும் நடத்துபவர்) திரும்பி வந்து, கடைசி வருடம் வரை அணியோடு நின்றவர் அவர்.

திருப்பம் 1978இல் வந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து ப்ரூஸ் பென்ஹால் என்ற இளைஞர் சேர்ந்தார். அடுத்த வருடம் டென்மார்க்கின் எஸ்பியர்க்கிலிருந்து எரிக் குண்டர்சன். இருவரும் வரும்போது இங்கிலாந்தில் பெரிய பெயர்கள் இல்லை. க்ராட்லியின் உண்மையான திறமை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கோப்பைகளைவிட இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஏன் என்று புரிய சராசரிக் கணக்கைப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் ஸ்பீட்வேயில் ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு சராசரி உண்டு, சிஎம்ஏ என்பார்கள். கணக்கு எளிது. எடுத்த புள்ளிகளோடு போனஸ் புள்ளிகளைக் கூட்டி, ஓட்டிய ஹீட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்து, 4ஆல் பெருக்க வேண்டும். தன் அணிக்காரருக்கு அடுத்து, எதிரணிக்காரர் ஒருவரையாவது முந்தி வந்தால் போனஸ் ஒன்று கிடைக்கும். அது அணியின் மொத்தப் புள்ளியில் சேராது, ரைடரின் சராசரியிலும் சம்பளத்திலும் மட்டும் சேரும். ஒருவர் ஒரு பருவத்தில் 168 ஹீட்டில் 400 புள்ளியும் 20 போனஸும் எடுத்தால், 420ஐ 168ஆல் வகுத்து 4ஆல் பெருக்க, சராசரி 10.00. பத்தைத் தாண்டினால் அவர் உலகத்தர ரைடர். ஐந்து, ஆறு என்றால் அணியின் நடுவரிசை.

பலமான அணி ஒன்றே எல்லோரையும் வாங்கிக் குவித்துவிடக் கூடாது என்பதற்காக ரைடர்களைப் பங்கிடும் ஏற்பாடு 1965 தொடக்கத்திலிருந்தே ஏதோ ஒரு வடிவில் இருந்தது. பின்னாளில் அது மொத்த சராசரிக்கான உச்சவரம்பாக மாறியது. வரம்பு 45 என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் சராசரியும் சேர்ந்து 45ஐத் தாண்டக் கூடாது. 10.5 உள்ளவர் ஒருவரும் 9.5 உள்ளவர் ஒருவரும் இருந்தால் அதிலேயே 20 போய்விடும். மிச்சம் 25இல் ஐந்து பேரை அடக்க வேண்டும், ஆளுக்கு 5. ஆக, நன்றாக ஓட்டினால் தண்டனை: பருவம் முழுக்க எல்லோரும் முன்னேறினால் அடுத்த வருடம் யாரையாவது விட்டாக வேண்டும்.

இதிலிருந்து தப்ப ஒரே வழி, இன்னும் உயராத சராசரியோடு இருக்கும், ஆனால் உயரப்போகிற ஆளைக் கண்டுபிடிப்பது. வெளிநாட்டிலிருந்து முதல்முறை வருபவருக்கு ஓர் அனுமான சராசரி ஒதுக்குவார்கள். அதைவிட அவர் எவ்வளவு அதிகம் எடுக்கிறாரோ அவ்வளவும் அணிக்கு லாபம். பென்ஹால், குண்டர்சன், பிறகு யான் ஓ. பெடர்சன், 1989இல் க்ரெக் ஹான்காக், 1990இல் பில்லி ஹாமில் என்று, கலிஃபோர்னியாவிலும் டென்மார்க்கிலும் இளைஞர்களைப் பொறுக்கியெடுக்கும் கண் க்ராட்லிக்கு இருந்தது. இந்த ஐந்து பேரும் உலக சாம்பியன் ஆனார்கள். இதே விகிதத்தில் வெற்றி பெற்ற வேறொரு பிரிட்டிஷ் அணியைச் சொல்வது கடினம்.

ஏன் கலிஃபோர்னியா? அங்குள்ள ட்ராக்குகள் மிகச் சிறியவை. காஸ்டா மேசா ட்ராக் ஒரு சுற்று இருநூறு மீட்டர்கூட வராது. அத்தனை குறுகிய இடத்தில் ஓட்டிப் பழகியவருக்கு தொடக்கக் கேட்டிலிருந்து பாய்வதும், நெரிசலில் த்ராட்டிலைக் கட்டுப்படுத்துவதும் கைவந்திருக்கும். இங்கிலாந்து வந்து பெரிய ட்ராக்கில் வேகத்தை மட்டும் கற்றுக்கொண்டால் போதும். டென்மார்க்கில் வேறு காரணம்: சின்னப் பையன்களுக்கு 80 சிசி பைக்கில் முறையான பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு அங்கே இருந்தது.

பலன் வேகமாக வந்தது. 1979லும் 1980லும் நாக் அவுட் கோப்பை. 1981இல் லீக் சாம்பியன், அதே வருடம் செப்டம்பரில் வெம்ப்ளியில் பென்ஹால் உலக சாம்பியன். வெம்ப்ளியில் நடந்த கடைசி உலக இறுதிப் போட்டி அதுதான், தொண்ணூறாயிரத்துக்கு மேல் கூட்டம். டென்மார்க்கின் ஓலே ஓல்சன், டாமி நுட்சன் இருவரையும் கடைசி வளைவில் முந்திய அந்த ஹீட்டுகளை இன்றும் ரசிகர்கள் தேடிப் பார்க்கிறார்கள். 1982இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியத்தில் பட்டத்தைத் தக்கவைத்து, மேடையிலேயே ஓய்வை அறிவித்துவிட்டு, பென்ஹால் தொலைக்காட்சித் தொடரில் நடிக்கப் போனார். அப்போது அவருக்கு 25 வயது.

முதன்மை ரைடர் போனால் அணி சரியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். க்ராட்லி 1983இல் லீகையும் நாக் அவுட் கோப்பையையும் சேர்த்து வென்றது. குண்டர்சன், லான்ஸ் கிங், ஃபில் காலின்ஸ், ஆலன் க்ரஹாம் என்று மேலிருந்து கீழ்வரை ஆள் இருந்தது. குண்டர்சன் 1984, 1985, 1988 என மூன்று முறை உலகப் பட்டம் வென்றார். 1985இல் பிராட்ஃபர்டிலும் 1988இல் டென்மார்க்கின் வோயன்ஸிலும் சமநிலையில் முடிந்து, தனி ஓட்டத்தில் தீர்ப்பானது. இரண்டு முறையும் தோற்றவர்களில் ஹான்ஸ் நீல்சன் இருந்தார்.

இப்போது ட்ராக். சொந்த ட்ராக்கில் ஒரு அணி ஏன் அத்தனை வலுவாக இருக்கிறது என்பதற்கு விடை மண்ணில் இருக்கிறது. அடியில் கெட்டிப்பட்ட தளம், மேலே சிவப்பு ஷேல். சுரங்கக் கழிவு மேடுகளில் எரிந்து சிவந்த கல்லை நொறுக்கிச் சலித்தது அது. நிலக்கரிப் பகுதி என்பதால் அங்கே பஞ்சமில்லை. 300 மீட்டர் சுற்றும் சராசரி 12 மீட்டர் அகலமும் உள்ள ட்ராக்கில் பரப்பு 3,600 சதுர மீட்டர். அதை ஒரு சென்டிமீட்டர் உயர்த்த 36 கன மீட்டர் ஷேல் வேண்டும், எடையில் 60 டன்னுக்குக் கிட்டத்தட்ட. ஒவ்வொரு ஹீட்டிலும் பின்சக்கரங்கள் அதை வேலிப் பக்கம் வாரியிறைக்கும். நான்கு ஹீட்டுக்கு ஒருமுறையாவது ட்ராக்டரில் மண்ணைச் சமப்படுத்தும் க்ரேடர் மாட்டி மண்ணை உள்ளே இழுத்து, தண்ணீர் விட வேண்டும்.

தண்ணீர்தான் கலை. போட்டியன்று மாலை மேலோட்டமாகத் தெளித்தால் மேல்தோல் சேறாகி, அடி காய்ந்தே கிடக்கும். சக்கரம் தோலைக் கிழித்தவுடன் ஓரிடத்தில் பிடிப்பு, அடுத்த அடியில் வழுக்கல். பின்சக்கரம் திடீரெனப் பிடிப்பு கண்டால் முன்சக்கரம் தூக்கும், பைக் நேராக வேலியைப் பார்த்துப் போகும். விபத்துகளில் பெரும்பங்கு இப்படித்தான். ஆகவே இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட வேண்டும். மழை வரும் என்று தெரிந்தால் எதிர்மாறாகச் செய்வார்கள்: மண்ணைக் கிளறாமல் வண்டிச் சக்கரத்தால் அழுத்தி மேற்பரப்பை மூடிவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிவிடும். கிளறிப் போட்ட ட்ராக்கில் அரை மணி மழை பெய்தால் அன்றைய போட்டி போனதுதான், நுழைவுக் காசைத் திருப்ப வேண்டும்.

இதை எல்லாம் வாரா வாரம் பார்ப்பவர் உள்ளூர் ரைடர். இன்று வெளிவரிசையில் பிடிப்பு இருக்கிறதா, உள்வரிசை எந்த ஹீட்டில் வழுக்க ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதற்கேற்ப ஸ்ப்ராக்கெட் (சங்கிலி ஓடும் பல்சக்கரம்) மாற்றுவார். பின் ஸ்ப்ராக்கெட்டில் பல் கூடினால் இழுவை அதிகம், உச்ச வேகம் குறைவு. ஆழமாக மண் கிடந்தால் அது உதவும். ட்ராக் வழவழப்பாகிவிட்டால் அதே கியரில் சக்கரம் சும்மா சுழலும், அப்போது ஒரு பல் குறைக்க வேண்டும். பின் டயரை இரண்டு ஹீட்டுக்குப் பிறகு கழற்றித் திருப்பி மாட்டுவதும் வழக்கம், இடப்பக்கமே திரும்புவதால் ஒரு விளிம்பு மட்டும் மழுங்கியிருக்கும். வெளியூர் ரைடர் இதையெல்லாம் கண்டுபிடிப்பதற்குள் ஐந்தாறு ஹீட் முடிந்திருக்கும். அதற்குள் பத்துப் புள்ளி வித்தியாசம்.

அடுத்து வருவது துயரமான பகுதி. 1989 செப்டம்பர் 17, பிராட்ஃபர்ட் ஓட்சல் மைதானத்தில் உலக அணிக் கோப்பை இறுதி. முதல் ஹீட்டிலேயே, முதல் வளைவில், நால்வரும் சிக்கிய மோதல். குண்டர்சனும், க்ராட்லியில் அவரோடு ஓட்டிய சைமன் க்ராஸும், பழைய க்ராட்லிக்காரர் லான்ஸ் கிங்கும், ஸ்வீடனின் யிம்மி நில்சனும். ஸ்பீட்வேயில் மிக ஆபத்தான இடம் முதல் வளைவு. நான்கு பைக்கும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் வந்து ஒரே இடத்தைக் கேட்கும், யாருக்கும் பிரேக் இல்லை, முன்னே ஒருவர் விழுந்தால் பின்னால் வருபவருக்கு விலக நேரமில்லை. குண்டர்சன் பல நாள் உயிருக்குப் போராடினார். உடல் செயலிழந்த நிலையிலிருந்து மெல்ல மீண்டு நடந்தார். பந்தயத்துக்குத் திரும்பவில்லை.

யான் ஓ. பெடர்சன் 1991இல் ஸ்வீடனின் யோதேபோரியில் ஐந்து ஹீட்டையும் வென்று, 15க்கு 15 எடுத்து உலகப் பட்டத்தை க்ராட்லிக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே ஒரு விபத்தில் அவர் ஓட்டும் வாழ்க்கையும் முடிந்தது. மூன்று வருட இடைவெளியில் இரண்டு உலக சாம்பியன்களை இழந்த அணி அது. அப்போதும் கலையவில்லை. ஹான்காக்கும் ஹாமிலும் அதற்குள் தயாராகியிருந்தார்கள்.

காசுக் கணக்கு இங்கே முக்கியம். ரைடருக்குச் சம்பளம் மாதத்துக்கு இல்லை. ஒரு ஹீட்டில் தொடங்குவதற்கு இவ்வளவு, எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு. தன் பைக், எஞ்சின், வேன், மெக்கானிக் செலவு அவருடையது. நடத்துநர் பக்கம் பாருங்கள்: சொந்த ட்ராக்கில் 54-24 என்று நசுக்கி வென்றால் 54 புள்ளிக்கும் அவர் பணம் தர வேண்டும். 40-38 என்று கடைசி ஹீட்டில் வென்றால் செலவு குறைவு, கூட்டத்துக்கும் பரபரப்பு. பலமான அணி வாரா வாரம் அதிகச் செலவில் சுவாரசியம் குறைந்த போட்டியைத் தரும் அபாயம் எப்போதும் உண்டு. வரவோ பெரும்பாலும் வாசலில் வாங்கும் நுழைவுக் காசு. உணவுக்கடை, வாகன நிறுத்தம், மதுக்கூடம் ஆகியவற்றின் வருமானம் பல இடங்களில் மைதான உரிமையாளருக்கே போகும். ஆக பிரிட்டிஷ் ஸ்பீட்வே நடத்துநர்களில் பெரும்பாலோர் வாடகைக்காரர்கள். மைதானத்தை நாய்ப்பந்தயத்தோடு பகிர்ந்துகொண்டு, வாரத்துக்கு ஒரு மாலை பெறுகிறவர்கள்.

டட்லி வுட்டைப் போன்ற மைதானங்கள் கட்டப்பட்டபோது ஊரின் விளிம்பில் இருந்தன. ஐம்பது வருடத்தில் ஊர் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துகொண்டது. நான்கைந்து ஏக்கர் நிலம் வாரம் ஒரு மாலை ஸ்பீட்வே வாடகையில் தரும் வருமானத்தையும், அதே இடத்தில் வீடுகள் கட்டினால் கிடைப்பதையும் ஒப்பிட்டால் உரிமையாளர் என்ன முடிவெடுப்பார் என்று யோசிக்கத் தேவையில்லை. 1995 பருவம் முடிந்ததும் க்ராட்லி வெளியேற வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தில் குடியிருப்பு.

ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்திலேயே புதிய இடம் தேடினார்கள், ஒன்றும் கைகூடவில்லை. ஏன் கைகூடுவதில்லை? இன்றைய சர்வதேச விதிப்படி ட்ராக் 260 முதல் 425 மீட்டர், அகலம் நேர்ப்பகுதியில் குறைந்தது 10 மீட்டர், வளைவில் 14. அதைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே பார்வையாளர் இடைவெளி, பிட்ஸ், வாகன நிறுத்தம், ஆம்புலன்ஸ் உள்ளே வரவும் வெளியேறவும் தனி வழி. இடம் கிடைத்தாலும் சத்தம், தூசு என்று அக்கம்பக்கத்தார் எதிர்ப்பார்கள். பழைய மைதானத்துக்கு நெடுநாள் வழக்கமே ஒரு பாதுகாப்பு. புதிய மைதானம் அனுமதி கேட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த வழக்கத்தை இழந்த அணி திரும்பப் பெறுவது அபூர்வம்.

1996இல் ஸ்டோக் பக்கத்தில், சுமார் 60 கிலோமீட்டர் வடக்கே இருந்த லூமர் ரோடு மைதானத்தில் க்ராட்லி அண்ட் ஸ்டோக் ஹீதன்ஸ் என்ற பெயரில் ஓடினார்கள். ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஹாமில் அந்த வருடக் க்ராண்ட் ப்ரீ தொடரை வென்று உலக சாம்பியன் ஆனார், ஏழாவது பட்டம் அதுதான். ஆனால் ப்ளாக் கன்ட்ரி ரசிகர் வீட்டிலிருந்து நடந்து போய்ப் பார்த்த போட்டிக்கு இப்போது நெடுஞ்சாலையில் போக வேண்டும். ஸ்டோக்காரருக்கோ ஹீதன்ஸ் தன் ஊர் அணி இல்லை. உலக சாம்பியனின் சம்பளத்தை ஈடுகட்டும் கூட்டம் சேரவில்லை. 1997 லீகில் க்ராட்லி இல்லை. அந்த 1997இல் ஹான்காக் உலக சாம்பியன் ஆனார், வேறு அணிச் சட்டையில். அவர் பிறகு 2011, 2014, 2016 என்று மேலும் மூன்று முறை வென்றார்.

இந்த இடத்தில் எண்ணிக்கைக் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். பென்ஹால் 2, குண்டர்சன் 3, பெடர்சன் 1, ஹாமில் 1: க்ராட்லி ரைடராக இருந்தபோது வென்றவை ஏழு. ஹான்காக்கின் நான்கும் இதில் சேராது. சிலர் சேர்த்துப் பதினொன்று என்று எழுதுவது தவறு.

2010இல் பெயர் உயிர்த்தது. டட்லி ஹீதன்ஸ் என்று மூன்றாம் நிலை தேசிய லீகில், சொந்த ட்ராக் இல்லாமல், வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் க்ரீனிலும் பர்மிங்ஹாமின் பெரி பாரிலும் மற்றவர்களுக்குத் தேவைப்படாத மாலைகளில் ஓடினார்கள். பிறகு க்ராட்லி பெயரையே மீட்டுக்கொண்டார்கள். இளம் ரைடர்களுக்கு நல்ல பயிற்சிக்களமாக இருந்தது. ஆனால் வாடகைக்காரரின் வாடகைக்காரருக்கு நாள் ஒதுக்குவதே பெரும்பாடு. மழையால் ஒரு போட்டி போனால் மாற்று மாலை கிடைக்காது. அந்த முயற்சியும் 2010களின் இறுதியோடு நின்றது. லூமர் ரோட்டில் ஸ்பீட்வே 2019 பருவத்தோடு முடிந்தது, மான்மோர் க்ரீனில் 2023 பருவத்தோடு. இரண்டுமே ஹீதன்ஸ் ஒதுங்கி ஓடிய இடங்கள்.

இந்த அணியின் பழைய போட்டிகளை நீங்களே தோண்டிப் பார்க்க விரும்பினால் சில குறிப்புகள். 1973-76 முடிவுகளைத் தேடும்போது க்ராட்லி யுனைடெட் என்றும், 1996க்கு க்ராட்லி அண்ட் ஸ்டோக் என்றும், 2010க்குப் பிறகு முதலில் டட்லி ஹீதன்ஸ் என்றும் தேட வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருடங்கள் காலியாகத் தெரியும். அச்சிட்ட நிகழ்ச்சித்தாள்களில் பார்வையாளர்கள் பேனாவால் ஹீட் முடிவுகளை நிரப்பியிருப்பார்கள். ஹெல்மெட் நிறம் வைத்து அணி அறியலாம்: சிவப்பும் நீலமும் உள்ளூர், வெள்ளையும் மஞ்சளும் வெளியூர். ஒரு ரைடரின் பெயருக்கு எதிரே 3, 3, 2', 3 என்று இருந்தால் அந்த மேற்குறி போனஸ். அதை 11+1 என்று எழுதுவார்கள். நான்கு ஹீட்டில் 12 எடுத்தால் முழு அதிகபட்சம். 11+1 என்றால் எதிரணிக்காரர் யாரும் அவரை முந்தவில்லை என்று பொருள். சம்பளத்தில் அது 12 புள்ளிக்குச் சமம்.

நிரப்பிய நிகழ்ச்சித்தாளைச் சரிபார்க்க ஒரு வழி: இரண்டு அணியின் மொத்தமும் சேர்ந்து 13 ஹீட்டில் 78, 15 ஹீட்டில் 90 வர வேண்டும். குறைந்தால், ஏதோ ஒரு ஹீட்டில் மூவர்கூட ஓட்டத்தை முடிக்கவில்லை என்று அர்த்தம், அல்லது எழுதியவர் ஒரு ஹீட்டைத் தவறவிட்டார். எந்த ஹீட்டில் ஆறு வரவில்லை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். பெயருக்கு எதிரே எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால் விழுந்தது, எஞ்சின் பழுது, நடுவர் நீக்கியது ஆகிய மூன்றில் ஒன்று. அந்த எழுத்துகளின் விளக்கம் பெரும்பாலும் தாளின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும்.